பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறை: பார்வையில்லாத மாணவிக்கு விலக்கு வாங்குவதா, செய்ய வைப்பதா?

நெய்தல் டீச்சர்:

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் ஒருத்திக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வெளிச்சம்கூடத் தெரியாது. ஐந்தாவது வரை வெளியூரில் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாள், பிரெயில் மளமளவென்று வாசிப்பாள். அம்மாவுக்குப் பிள்ளையைப் பிரிந்து இருக்க முடியாமல் ஊருக்கே கூட்டி வந்துவிட்டார்கள். அப்பா நாட்டுப் படகில் போகிறவர்.

பாடத்தில் கெட்டி. ஒருமுறை காதில் வாங்கினால் போதும். சிக்கல் எல்லாம் லேப்பில்தான். மற்ற பிள்ளைகள் லேப்புக்குப் போகும்போது இவளை வகுப்பிலேயே உட்கார வைத்துவிடுவது வழக்கம். போன மாதம் நானே கூட்டிப் போய் உள்ளே ஒரு ஓரமாக உட்கார வைத்தேன். முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, "வாசனை வந்துச்சு டீச்சர். என்னான்னுதான் தெரியல" என்றாள்.

எச்.எம். நல்ல மனுஷர்தான். "செய்முறைத் தேர்வுக்கு விலக்கு கேட்டு எழுதிப் போட்டுடலாம்மா, பிள்ளைக்கு எதுக்குக் கஷ்டம்?" என்கிறார். அவளிடம் கேட்டேன். செய்யணும் என்கிறாள்.

லேப் அசிஸ்டென்ட் எங்கள் பள்ளியில் கிடையாது. சிறப்பாசிரியர் வாரத்துக்கு ஒருமுறை வருவார், அவருக்கு இன்னும் பல பள்ளிகள் பொறுப்பு. வகுப்பில் மொத்தம் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. பத்தாம் வகுப்புச் செய்முறைப் பட்டியலில் எதையெல்லாம் ஒரு பார்வையில்லாத பிள்ளை உண்மையாகவே செய்ய முடியும்? ஒப்புக்குத் தொட்டுப் பார்த்தோம் என்பதில் எனக்கு விருப்பமில்லை. அமிலம், நெருப்பு எல்லாம் இருக்கிறதே, அதற்கு என்ன ஏற்பாடு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற எச்.எம்.:

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் எச்.எம். சொல்வதுதான் சரி. ஒரு துளி ஆசிட் தெறித்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அடுத்து அவர். பெற்றோர் இன்று சரி என்பார்கள், நாளை வாசலில் வந்து நிற்பார்கள். எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண் இருக்கிறது. அதில் நன்றாக எழுத வையுங்கள். சொல்வதை எழுதுபவரை நல்லவராகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள், கூடுதல் நேரமும் கிடைக்கும். ஆர்வம் வேறு, நடைமுறை வேறு.

டாக்பேக் தமிழன்:

டீச்சர், நான் மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். எனக்கும் பார்வை இல்லை. இதை போனில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதி வாசிக்க வாசிக்கத் தட்டச்சு செய்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பழியை அதன் மேல் போட்டுவிடுங்கள்.

எச்.எம். ஐயா சொன்ன அதே வார்த்தையை என் அப்பாவிடமும் சொன்னார்கள். நான் படித்த பள்ளியில் லேப் கதவோரம் ஒரு ஸ்டூல் இருந்தது, அதுதான் என் இடம். ரெக்கார்ட் நோட்டை யாரோ எழுதினார்கள், யாரோ படம் வரைந்தார்கள், மதிப்பெண் எனக்கு வந்தது. அந்த மதிப்பெண் பட்டியல் இன்னும் வீட்டு பீரோவில் இருக்கிறது. பதினொன்றில் சயின்ஸ் குரூப் கேட்டபோது, "நீ செய்முறையே செய்ததில்லையே, உனக்கு எப்படித் தர முடியும்?" என்றார்கள். செய்ய விடாதவர்களும் அவர்கள்தான், அதைக் காரணமாகச் சொன்னவர்களும் அவர்கள்தான். வரலாறு எடுத்தேன். வரலாறு மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நல்ல பாடம். ஆனால் நான் கேட்டது அது இல்லை.

அதனால் ஐயா, இதை 25 மதிப்பெண் விவகாரமாக மட்டும் பார்க்காதீர்கள். பத்தாவதில் ஸ்டூலில் உட்கார்ந்தவன் பதினொன்றிலும் உட்கார்ந்தேதான் ஆக வேண்டும். டெல்லியில் கார்த்திக் சாஹ்னி என்ற பையனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பதினொன்றில் அறிவியல் எடுக்கவே சிபிஎஸ்இ-யோடு மல்லுக்கட்டினார். 2013-ல் பன்னிரண்டாம் வகுப்பில் 95 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். ஐஐடி நுழைவுத் தேர்வுக்குத் தேவையான வசதி கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் கூப்பிட்டு இடம் கொடுத்தது. அவர் கெட்டிக்காரர், தாங்கிக்கொண்டார். சராசரியாகப் படிக்கிற பிள்ளையும் மல்லுக்கட்டித்தான் லேப்புக்குள் போக வேண்டும் என்றால் எத்தனை பேர் போவார்கள்?

உங்கள் ஊருக்குப் பொருத்தமான இன்னொருவரும் உண்டு. கீரட் வெர்மெய், சங்கு சிப்பி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். மூன்று வயதிலிருந்து பார்வை இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேரப் போனபோது, இவரால் எப்படி முடியும் என்ற சந்தேகத்தில் உயிரியல் பேராசிரியர் ஒருவர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போய்ச் சிப்பிகளைக் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். இவர் தடவிப் பார்த்தே இனத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது. நண்டு ஒரு சிப்பியை உடைக்கப் பார்த்துத் தோற்றுப்போனால் ஓட்டில் தழும்பு விழும். அந்தத் தழும்புகளை நகத்தால் தேடித்தேடி, இரையும் வேட்டையாடியும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றையொன்று எப்படி மாற்றிக்கொண்டு வந்தன என்று எழுதினார். உங்கள் கடற்கரையில் ஒரு கூடை பொறுக்கி வந்தால் ஒரு பீரியட் பாடம் தயார்.

சட்டம் கேட்பார்கள், அதனால் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16, 17. பிரிவு 17-ல், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை புத்தகம், கற்றல் பொருள், உதவிக் கருவிகள் இலவசமாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. பாடத்திட்டத்திலும் தேர்விலும் தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்றும் இருக்கிறது. விலக்கு வேண்டும் என்பவருக்கு அது இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. வேண்டாம் என்கிற பிள்ளை மேல் ஏன் திணிக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இனி லேப் சங்கதி. செய்முறை விவரத்தை வேதியியல்காரர்கள் யாராவது சொல்வார்கள். பழகும் விதம் மட்டும் நான் சொல்கிறேன்.

பிள்ளைகள் யாரும் வராத நேரத்தில் அவளை ஒருநாள் லேப்புக்குள் கூட்டிப் போங்கள். கதவிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு, அங்கிருந்து வெளியே போகும் வழிக்கு அவளாகவே நடந்து பார்க்கட்டும். எந்தப் பொருள் எங்கே என்று ஒருமுறை வைத்தால் அப்புறம் மாற்றவே கூடாது. கண் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம். எனக்கு ஆசிட் பாட்டில் இடம் மாறுவதும் வீட்டில் படிக்கட்டு இடம் மாறுவதும் ஒன்றுதான்.

"இதை எடு", "அங்கே வை", "இப்படிப் பிடி" மூன்றும் வேண்டாம். "உன் வலது கைக்கு ஒரு சாண் தள்ளி ஸ்டாண்ட் இருக்கிறது" என்று சொல்லுங்கள். கரும்பலகையில் எழுதும்போது எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள். கடைசி பெஞ்சும் உங்களை வாழ்த்தும்.

அப்புறம் முக்கியமானது: அவள் கையைப் பிடித்து இழுத்து எதன் மேலும் வைக்காதீர்கள். சின்ன வயதில் எனக்கு அப்படிச் செய்து செய்தே புதுப் பொருள் எதையும் தொடப் பயம் வந்துவிட்டது. உங்கள் கை கீழே, அவள் கை உங்கள் கையின் மேலே. நீங்கள் செய்யும்போது அவள் விரல்கள் கூடவே வரும். எப்போது வேண்டுமானாலும் கையை எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமை அவளிடம் இருக்கும்.

பாடநூல் பிடிஎஃப்பை கணினியில் என்விடிஏ என்ற திரை வாசிப்பு மென்பொருள் போட்டுத் திறந்தால் பல பக்கங்களைப் பேய் பிடித்த மாதிரி வாசிக்கும். எழுத்துரு யூனிகோட் இல்லாததுதான் காரணம். சிறப்பாசிரியரிடம் சொல்லி, பாடத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுங்கள், இல்லையென்றால் பிரெயில் புத்தகத்துக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். ஜூனில் கேட்டால் எப்போது வரும் என்பது உங்களுக்கே தெரியும். வந்தாலும் பிரெயில் நூலில் படங்கள் இருக்காது. என் புத்தகத்தில் இதயம் இருந்த பக்கத்தில் "படம்" என்ற சொல் மட்டும் இருந்தது.

உப்பு ஆய்வாளர்:

முதுகலை வேதியியல் ஆசிரியன், மேல்நிலைப் பள்ளி. எங்கள் பள்ளியில் மாணவிகளுக்கான பார்வையற்றோர் விடுதியிலிருந்து வந்து படித்தவர்கள் உண்டு. பத்தாம் வகுப்புக்குச் செய்முறை எடுத்துக் கொடுத்த அனுபவம் இருக்கிறது. தமிழன் சாருக்கு ஒரு வணக்கம்.

டீச்சர், முதலில் பட்டியலை எடுத்து முன்னால் வையுங்கள். எதைக் கண்ணால் மட்டும்தான் அறிய முடியும் என்று பென்சிலால் குறியுங்கள். பாதிகூடத் தேறாது.

உப்பு கரைவது வெப்ப உமிழ்வினையா, வெப்பக் கொள்வினையா என்ற சோதனை. புத்தகமே சோதனைக் குழாயைத் தொட்டுப் பார் என்றுதான் சொல்கிறது. அம்மோனியம் குளோரைடு போட்டால் குழாய் ஜில்லென்று ஆகும், சோடியம் ஹைட்ராக்சைடு போட்டால் சுடும். இதில் கண்ணுக்கு வேலையே இல்லை. நான் பார்த்தவரை, நம் பிள்ளைகள் குழாயைத் தொடாமலே "வெப்பக் கொள்வினை" என்று எழுதி வைப்பார்கள், உப்பின் பெயர் முன்கூட்டியே தெரியும் என்பதால். விடுதிப் பிள்ளைகள் மட்டும்தான் உண்மையிலேயே தொட்டுப் பார்த்து எழுதினார்கள்.

கரைதிறன் சோதனைக்குக் காது. கண்ணாடிக் குச்சியால் பீக்கரின் அடியைக் கிளறும்போது கரையாத உப்பு இருந்தால் நறநறவென்று சத்தம் வரும், விரலுக்கும் தெரியும். சத்தம் நின்றால் கரைந்துவிட்டது. இன்னும் ஒரு கரண்டி போடு, மறுபடி கிளறு. சத்தம் நிற்கவே இல்லையா? தெவிட்டிவிட்டது. பார்வையுள்ள பிள்ளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "கரைந்தது" என்று சொல்லும் இடத்தில் இந்தப் பிள்ளை இன்னும் குச்சியைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அமிலமா காரமா என்பதற்கு ஃபீனால்ஃப்தலீன், மெத்தில் ஆரஞ்சு இரண்டு சோதனையும் நிற மாற்றத்தைப் பார்ப்பது. ஆனால் மூன்றாவது சோதனை சோடியம் கார்பனேட் படிகம் போடுவது. அமிலமாக இருந்தால் பொங்கும், காதருகே கொண்டு போகாமலே சத்தம் கேட்கும், குழாயின் சுவரில் அதிர்வும் தெரியும். இதோடு வெங்காயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு துணித் துண்டுகளைப் பையில் போட்டுக் கட்டி ஒரு இரவு வைத்தால் துணியில் வாசம் ஏறிவிடும். ஒரு துண்டில் நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு, இன்னொன்றில் நீர்த்த காரம் இரண்டு சொட்டு. தண்ணீரில் அலசியபின் அமிலம் பட்ட துணியில் வெங்காய வாசம் இருக்கும், காரம் பட்டதில் போய்விடும். வெனிலா எசன்ஸும் கிராம்பு எண்ணெயும் இதே மாதிரிதான். என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு நூலில் உள்ள சோதனைதான், நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. முகரும்போது மூக்கைக் கொண்டு போகக் கூடாது, கையால் விசிறி வாசனையை வரவழைக்க வேண்டும். அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

மயில்துத்தத்தைச் சூடாக்கி நீரேறிய உப்பா என்று பார்ப்பதில் நீலம் வெள்ளையாவது கண்ணுக்கு மட்டும்தான். அதை ஜோடிப் பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். ஆனால் குழாய் நன்றாக ஆறியபின், அந்த வெள்ளைப் பொடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள், இவள் குழாயின் அடியை வெளியிலிருந்து பிடித்துக்கொள்ளட்டும். உள்ளங்கை சுடும். போன தண்ணீர் திரும்பி வந்து சேருகிறது என்பதை நிறத்தைவிட அழுத்தமாக அந்தச் சூடு சொல்லும். முதல் தடவை ஒரு மாணவி "சார், இது உள்ள எரியுதா?" என்று கேட்டாள். நிறம் மாறுவதைப் பார்த்த பிள்ளைகள் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

இயற்பியலில் திருப்புத்திறன் சோதனை, அதாவது ஸ்கேலின் இருபுறமும் எடைகளை நூல் வளையத்தில் தொங்கவிட்டுச் சமன் செய்வது, இவர்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கும். மீட்டர் ஸ்கேலில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு ஃபெவிகால் பொட்டு, ஐம்பதில் மட்டும் இரண்டு பொட்டு, ஒரு இரவு காயவிட்டால் விரலுக்கு நன்றாகத் தட்டுப்படும். ஸ்கேலின் ஒரு நுனிக்குப் பக்கத்தில் ஸ்டாண்ட் வைத்து, சமநிலை உயரத்தில் அதில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். நுனி ரப்பர் பேண்டுக்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்று லேசாகத் தடவிப் பார்த்து நூல் வளையத்தை நகர்த்துவார்கள். விரலை எடுத்துவிட்டு ஆட்டம் நிற்கும்வரை காத்திருக்கப் பழக்க வேண்டும், அவசரப்பட்டால் விரலே எடையாகிவிடும்.

குவிலென்ஸ் கொஞ்சம் சிரமம். வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் எல்டிஆர் ஒன்று, பஸ்ஸர் ஒன்று, பேட்டரி வைத்து ஒளி கூடினால் சத்தம் கூடும்படி ஒரு சின்னச் சுற்று செய்யலாம். தொலைவில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, லென்ஸுக்குப் பின்னால் எல்டிஆரை முன்னும் பின்னும் நகர்த்தினால் குவியத்தில் சத்தம் உச்சத்துக்குப் போகும். போனிலேயே சீயிங் ஏஐ என்ற இலவசச் செயலியில் வெளிச்சத்தைச் சத்தமாக்கும் வசதி இருக்கிறது. ஆனால் சுற்று செய்வதே நல்லது, அதைச் செய்வதிலேயே பாதி மின்னியல் வந்துவிடும்.

தாவரவியலில் செம்பருத்திப் பூ. மகரந்தத் தாள்கள் குழாய் மாதிரி சூலகத் தண்டைச் சுற்றிப் போர்த்தியிருப்பது, நுனியில் சூல்முடி ஐந்தாகப் பிரிவது எல்லாம் விரலுக்குத் தெரியும். பாரம்பரியப் பண்புகளின் விகிதத்தைக் காட்டும் மெண்டல் சோதனைக்கு இரண்டு நிற மணிகளுக்குப் பதில் புளியங்கொட்டையும் சோழியும். பல்லாங்குழி ஆடிய கைக்கு வகை பிரிப்பதெல்லாம் ஒரு விஷயமா? ரத்தச் செல்களுக்குக் களிமண். சிவப்பணு நடுவில் குழிந்த தட்டு என்பதை எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை செய்து காட்டியபின்தான் மற்றவர்களுக்கே உறைத்தது.

நெய்தல் டீச்சர்:

சார், இதைப் பிரிண்ட் எடுத்து எச்.எம். மேசையில் வைக்கப் போகிறேன். ஆனால் அமிலம் ஊற்றுவதை நீங்கள் சொல்லவே இல்லை. அளவுக் குவளையில் கோடு பார்த்து ஊற்ற வேண்டுமே? ஓய்வுபெற்ற ஐயா சொன்ன பயம் எனக்கும் இருக்கிறது.

உப்பு ஆய்வாளர்:

மருந்துக் கடையில் ஊசியில்லாமல் 10 மில்லி சிரிஞ்சு வாங்குங்கள். தண்ணீரை ஐந்து மில்லிக்கு இழுத்துக்கொண்டு, அந்த நிலையில் பிஸ்டன் தண்டு சிரிஞ்சின் விளிம்பைத் தொடுகிற இடத்தில் சின்ன அரத்தால் ஒரு வெட்டு. பத்து மில்லிக்கு இன்னொரு வெட்டு. இனி இழுக்கும்போது கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்துக்கொண்டால் வெட்டு வந்ததும் நகம் அதில் டக்கென்று விழும். அளவு வந்துவிட்டது. எங்கள் லேப்பில் இப்போது எல்லாருக்குமே இதுதான். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுகிற பழக்கம் இன்னும் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆபத்து என்றால் அதுதான் ஆபத்து. அதைப் பார்வையுள்ள பிள்ளைகள் வருஷாவருஷம் செய்கிறார்கள், யாரும் விலக்கு கேட்கவில்லை.

பாட்டில்களை விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டில் வைத்துக் கொடுங்கள். சிந்தினால் தட்டுக்குள் சிந்தும். அமில பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்ட், கார பாட்டிலுக்கு இரண்டு. நீர்த்த கரைசல் மட்டும். அடர் அமிலத்தை எந்தப் பிள்ளையிடமும் கொடுக்காதீர்கள். தண்ணீர் வாளி எப்போதும் அவளுடைய இடது பக்கம். பாதுகாப்புக் கண்ணாடி அவளுக்கும் உண்டு. பார்வை இல்லை என்று அதை மட்டும் விட்டுவிடுவார்கள், அந்தக் கண்ணில் பட்டாலும் எரியும்தானே. அடுப்பு பற்ற வைப்பதை ஜோடிப் பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

ஜோடி பற்றி ஒரே ஒரு விதி. இவள் சொல்லாமல் ஜோடிப் பிள்ளை எதிலும் கை வைக்கக் கூடாது. அளவியைப் படி என்றால் படிக்கலாம், நிறம் என்ன என்றால் சொல்லலாம். அடுத்து என்ன செய்வது என்பதை முடிவு செய்வது இவள். நல்ல மனசு உள்ள பிள்ளையை ஜோடியாகப் போட்டால் எல்லாவற்றையும் அதுவே செய்துவிடும். கொஞ்சம் சோம்பேறியாகப் பார்த்துப் போடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற எச்.எம்.:

சிரிஞ்சு யோசனை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தேர்வன்று வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அவர் "வெங்காயம் என்ன, ரப்பர் பேண்ட் என்ன, இதெல்லாம் நடைமுறையில் இல்லை" என்று கையை விரித்துவிட்டால்? நான் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டாக்பேக் தமிழன்:

நியாயமான கேள்வி ஐயா. வாய்ப்பேச்சு எதுவும் அன்றைக்கு நிற்காது. தேர்வுக்கு முன்பே என்னென்ன மாற்றம், என்னென்ன கருவி என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றிதழ் நகலோடு எச்.எம். வழியாகத் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எழுத்தில் அனுமதி வாங்கி ஃபைலில் வையுங்கள். சொல்வதை எழுதுபவருக்கு எப்படி முன்கூட்டியே அனுமதி வாங்குகிறோமோ அதே மாதிரிதான். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள், இது வங்கிக்காரன் புத்தி.

பச்சை எது சிவப்பு எது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது, சிவப்பு பச்சை மட்டும் பிரித்துத் தெரியாது. பள்ளியில் இது யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. மெத்தில் ஆரஞ்சு போட்டால் மாறிவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கு எல்லாம் ஒரே கலங்கல் மஞ்சளாகத்தான் இருக்கும். பக்கத்துப் பையன் நிறுத்தும்போது நானும் நிறுத்திவிடுவேன். கவனக்குறைவு என்று ரெக்கார்டில் சிவப்பு மையில் எழுதினார்கள். அந்தச் சிவப்பும் சரியாகத் தெரியவில்லை என்பது வேறு கதை.

ஃபீனால்ஃப்தலீன் பரவாயில்லை, நிறமே இல்லாததிலிருந்து ஏதோ ஒரு நிறம் வருவது தெரியும். டீச்சர், வெங்காயத் துணியை அந்தப் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காமல் எல்லா மேசையிலும் வையுங்கள். என்னை மாதிரி ஒருவன், நாற்பது பேர் வகுப்பில் எங்கேயாவது உட்கார்ந்து பக்கத்துப் பையனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் கை தூக்க மாட்டான்.

நெய்தல் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், அதற்குள் சிலதைச் செய்து பார்த்தாயிற்று.

எச்.எம். பிரிண்டை வாசித்துவிட்டு, "முதல்ல லேப்ல எனக்குச் செஞ்சு காட்டு, அப்புறம் எழுதிப் போடலாம்" என்று அவளிடமே சொன்னார். சனிக்கிழமை காலை அவரே வந்து உட்கார்ந்தார். கரைதிறன் சோதனை செய்தாள். குச்சியைச் சுற்றிக்கொண்டே "இன்னும் இருக்கு... இன்னும் இருக்கு... இப்ப இல்ல" என்றாள். எச்.எம். பீக்கரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "ஆமா, இல்ல" என்றார். அப்புறம் அவரும் கண்ணை மூடிக்கொண்டு குச்சியை வாங்கிச் சுற்றிப் பார்த்தார். விலக்கு கோரும் கடிதம் போகவில்லை. தமிழன் சார் சொன்ன மாதிரி மாற்றங்களைப் பட்டியலிட்டு வேறு கடிதம் தயாராகிறது.

வெங்காயத் துணியை எல்லா மேசையிலும் வைத்தேன். மறுநாள் வரை லேப் சாம்பார் வாசம் அடித்தது. நிறம் தெரியாத பையன் எவனும் இதுவரை அகப்படவில்லை, கண் வைத்திருக்கிறேன். ஜோடிப் பிள்ளையாகச் சோம்பேறி ஒருத்தியைத்தான் போட்டிருக்கிறேன். அந்த ஜோடிப் பிள்ளையின் அம்மா வந்து, "இப்பல்லாம் லேப் நாளுன்னா லீவு கேக்க மாட்டேங்குறா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு அறிவியல், கணிதச் செய்முறைகளுக்கான அரசின் வானவில் மன்றத் திட்டத்திலிருந்து கருத்தாளர் வண்டியில் பொருள்களோடு வருவார். 2022-ல் தொடங்கியதிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். அவரிடமும் சிரிஞ்சு வெட்டுவதைக் காட்டினேன். அடுத்த வருஷம் ஆறாவதில் காது கேளாத பையன் ஒருவன் சேருகிறான். அவனுக்கு நான் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்துப் பேசினாலே பாடம் போச்சு. அது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது மீதி நிற்பது கம்பியின் மின்தடை எண் காணும் சோதனை. அம்மீட்டர், வோல்ட்மீட்டர் இரண்டும் முள் வைத்தவை. ஜோடிப் பிள்ளை வாசித்துச் சொல்லலாம், ஆனால் அவளுக்குத் தானே அளக்க வேண்டுமாம். யாரிடமாவது வழி இருக்கிறதா?

டாக்பேக் தமிழன்:

பேசும் மல்டிமீட்டர் கிடைக்கிறது, விலை கையைக் கடிக்கும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை போன் கேமராவில் காட்டி வாசிக்க வைக்கலாமா என்று நான் செய்து பார்த்திருக்கிறேன். கட்டம் கட்டமாகத் தெரியும் அந்த எண்களைச் செயலிகள் அடிக்கடி தப்பாக வாசிக்கும், 8-ஐயும் 0-ஐயும் நம்பவே முடியாது.

உப்பு ஆய்வாளர்:

முள் வைத்த மீட்டரிலேயே செய்யலாம். பழைய மீட்டர் ஒன்று கிடைத்தால் முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அளவுக் கோடுகளின் மேல் ஃபெவிகால் பொட்டு வையுங்கள். முள்ளை நேராகத் தொட்டால் நகர்ந்துவிடும், அதனால் மேலே ஒரு மெல்லிய கம்பியை வளைத்து நிறுத்தம் மாதிரி வைத்து, முள் அதைத் தொடும் இடம் வரை நகர்த்திப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. எங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் திங்கட்கிழமை கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை கம்பியின் நீளத்தையும் தடிமனையும் அவளே அளக்கட்டும். தடிமனுக்கு, கம்பியைப் பென்சிலில் நெருக்கமாக இருபது சுற்றுச் சுற்றி மொத்த அகலத்தைப் பொட்டு வைத்த ஸ்கேலில் பார்த்து இருபதால் வகுத்தால் போதும். மில்லிமீட்டருக்கும் பொட்டு வைக்க ஊசி முனையால் குத்திய அட்டை ஸ்கேல் ஒன்று செய்துகொள்ளுங்கள்.